விலை இறங்கியது காருக்குத்தான், பாகங்களுக்கு இல்லை

கேள்வி: எனக்கு 38 வயது. நானும் மனைவியும் வேலை பார்க்கிறோம், ஒரு மகள் பள்ளியில் படிக்கிறாள். ஓய்வுக்காலப் பிடித்தம் போக எங்கள் இருவர் கைக்கும் மாதம் 100 வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக் கடன் தவணைக்கு 30, வீட்டுச் செலவுக்கு 42, மகளின் படிப்புக்கு 8 போய்விடுகிறது. மீதி 20. வங்கியில் 450 இருக்கிறது. சிறு வயதிலிருந்தே ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்க வேண்டும் என்பது என் ஆசை. இப்போது 2003-ல் தயாரான ஒரு போர்ஷே பாக்ஸ்டர் 600-க்கு வருகிறது. புதிதாக இருந்தபோது இருந்த விலையோடு பார்த்தால் இது மிகக் குறைவு. கையிலிருந்து 300 போட்டு, மீதி 300-க்கு ஐந்து வருடக் கடன் வாங்கலாம் என்று நினைக்கிறேன். இப்போதுள்ள குடும்பக் காரும் இருக்கும். பிற்காலத்தில் கிளாசிக் ஆகி விலை ஏறினால் இது முதலீடும் ஆகும் அல்லவா? மனைவி "உங்கள் இஷ்டம்" என்கிறார். விற்பவர் இந்த வாரத்துக்குள் முன்பணம் கேட்கிறார். வாங்கலாமா?

பதில்: எல்லாக் கணக்கையும் 100-க்கு இவ்வளவு என்று பிரித்து எழுதியதற்கு முதலில் நன்றி. பதில் சொல்வது எளிதாகிவிட்டது. இந்தக் காரை, இந்த வழியில், இந்த வாரம் வாங்க வேண்டாம். ஆனால் ஸ்போர்ட்ஸ் கார் ஆசையையே விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. உங்கள் வருமானத்தில் அதற்கு இடம் இருக்கிறது.

உங்கள் கேள்வியிலேயே ஒரு வரி இருக்கிறது: "புதிதாக இருந்தபோது இருந்த விலையோடு பார்த்தால் மிகக் குறைவு." பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கிச் சிக்கிக்கொண்டவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தடுக்கி விழுந்தார்கள். இருபது வருடத்தில் காரின் விலை இறங்கிவிட்டது, உண்மைதான். ஆனால் அதன் பிரேக் டிஸ்க், கிளட்ச், டயர், ரேடியேட்டர் எதற்கும் காரோடு சேர்ந்து விலை இறங்கவில்லை. அதைப் பிரித்து மாட்டத் தெரிந்த மெக்கானிக்கின் கூலியும் இறங்கவில்லை. நீங்கள் கொடுப்பது பழைய காரின் விலை; பராமரிக்கப்போவது ஒரு விலை உயர்ந்த புதுக் காரை. வாங்கும் விலையை நுழைவுக் கட்டணம் என்று மட்டும் நினைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பாக்ஸ்டரையே எடுத்துக்கொள்வோம். 1996 முதல் 2004 வரை வந்த முதல் தலைமுறை அது. இன்ஜின் ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால், காரின் நடுவில் இருக்கும். திருப்பங்களில் அந்தக் கார் தரும் சுகத்துக்கு அதுதான் காரணம். பானட்டைத் திறந்தால் இன்ஜின் தெரியாது என்பதற்கும் அதுதான் காரணம். சாதாரணக் காரில் அரை மணி நேரத்தில் முடிகிற சில வேலைகளுக்கு இதில் அரை நாள் ஆகலாம், ஒவ்வொரு மணி நேரத்துக்கும் கூலி உண்டு.

அப்புறம், அந்த இன்ஜினில் ஊரறிந்த பலவீனம் ஒன்று இருக்கிறது. உள்ளே, இன்ஜினின் சுழற்சியை வால்வுகளை இயக்கும் பகுதிக்குக் கொண்டுபோகும் இடைநிலைத் தண்டின் பேரிங், அதாவது ஐஎம்எஸ் பேரிங். போர்ஷேயின் அதே காலத்து 911 கார்கள் (996 வகை) பலவற்றிலும் இதே பிரச்சினை உண்டு. எல்லாக் காரிலும் இது உடைவதில்லை, பெரும்பாலானவற்றில் உடையாமலே ஓடுகிறது. ஆனால் உடைந்தால் உலோகத் துகள்கள் எண்ணெயில் கலந்து, பல நேரம் மொத்த இன்ஜினும் போய்விடும். அமெரிக்காவில் உரிமையாளர்கள் ஒன்றுசேர்ந்து இதற்காக வழக்கே தொடுத்தார்கள். முன்கூட்டியே மேம்பட்ட பேரிங் ஒன்றைப் போட்டுவிடலாம், அதற்கு கியர்பாக்ஸை இறக்க வேண்டும். கியர்பாக்ஸை இறக்கிய பிறகு பழைய கிளட்சை அப்படியே திரும்ப மாட்டுவது வீண், அதையும் மாற்றுவீர்கள். பின்பக்க ஆயில் சீல் கசிந்தால் அதுவும் சேரும். "ஒரு பேரிங்" என்று தொடங்கிய வேலை இப்படித்தான் பெரிய பில்லாக வளர்கிறது. ஆகவே விற்பவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "அந்த பேரிங் மாற்றியாகிவிட்டதா, பில் இருக்கிறதா?" மாற்றியிருந்தால் அந்தக் காருக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுப்பதுகூட எனக்குச் சம்மதமே. மாற்றவில்லை என்றால் அந்தச் செலவை விலையிலிருந்து கழித்துவிட்டுப் பேரம் பேசுங்கள்.

சரி, இனி உங்கள் கணக்கு.

300 கடனுக்கு ஆண்டு வட்டி 12 சதவீதம் என்று வைத்தால், 60 மாதத் தவணை மாதம் சுமார் 6.7. மொத்தம் கட்டுவது 400. வட்டியாக மட்டும் 100, அதாவது நீங்கள் இருவரும் ஒரு மாதம் முழுக்க உழைத்த சம்பளம். இவ்வளவு பழைய காருக்குக் கார் கடன் கிடைப்பது கடினம். தனிநபர் கடன் வாங்க வேண்டி வந்தால் வட்டி இன்னும் ஏறலாம்.

பத்து வயது தாண்டிய ஸ்போர்ட்ஸ் காருக்கு, வாங்கிய விலையில் 10 முதல் 15 சதவீதம் வரை ஆண்டுதோறும் பராமரிப்புக்கு ஒதுக்கச் சொல்வது என் வழக்கம். 12 என்று எடுத்தால் ஆண்டுக்கு 72, மாதம் 6. காப்பீடு, வரி, பெட்ரோல் எல்லாம் சேர்த்து 4 வைக்கிறேன். கூட்டினால் 16.7. இப்போது மாதம் 20 மிச்சம் பிடிக்கிற குடும்பம், காருக்குப் பிறகு 3.3 மிச்சம் பிடிக்கும்.

வங்கியில் இருக்கும் 450-ம் முழுக்கக் காருக்கான பணம் இல்லை. வீட்டுக் கடன், செலவு, படிப்பு மூன்றும் சேர்ந்து மாதம் 80 போகிறது. இருவருக்கும் வேலை இருப்பதால் நான்கு மாதச் செலவுக்கான 320 கையிருப்பில் இருந்தால் போதும் என்பேன். அதற்குக் கீழே இறங்க வேண்டாம். அப்படியென்றால் காருக்கு இன்று உங்களிடம் இருப்பது 130. நீங்கள் எடுக்க நினைத்தது 300. எடுத்தால் மிஞ்சுவது 150, இரண்டு மாதச் செலவுக்குக்கூடப் போதாது. அந்த நேரம் பார்த்து இருவரில் ஒருவருக்கு வேலை போனால், அல்லது அந்த பேரிங் போனால்? இரண்டில் எதையும் இன்று யாராலும் கணிக்க முடியாது.

காப்பீட்டிலும் ஒரு பொறி இருக்கிறது, இதைப் பலர் யோசிப்பதில்லை. பழைய காருக்குச் சாதாரணக் காப்பீடு தருவது அதன் இன்றைய சந்தை மதிப்பைத்தான். பாகங்களோ புதுக் கார் விலையில் இருக்கின்றன. அதனால் நடுத்தரமான ஒரு மோதலிலேயே பழுதுபார்க்கும் செலவு காரின் மதிப்பை நெருங்கிவிடலாம். அப்போது நிறுவனம் "முழு இழப்பு" என்று அறிவித்து, சந்தை மதிப்பைக் கொடுத்துவிட்டுக் காரை எடுத்துக்கொள்ளும். அந்த மதிப்பைப் பற்றி உங்களுக்கும் அவர்களுக்கும் ஒத்துப்போகாவிட்டால், கார் போயிருக்கும், கடனில் ஒரு பகுதி நிற்கும். மதிப்பை முன்பே பேசி பாலிசியில் எழுதிக்கொள்ளும் வகை கிடைத்தால் அதை எடுங்கள். எதுவானாலும், இந்தக் காருக்குப் பிரீமியம் எவ்வளவு என்பதை வாங்கும் முன் கேட்டுவிடுங்கள், வாங்கிய பிறகு அல்ல.

முதலீடு என்று கேட்டிருந்தீர்கள். இல்லை. ஃபெராரி 250 ஜிடிஓ போன்ற கார்கள் ஏலத்தில் எட்டாத உயரத்துக்குப் போவதற்கு முக்கியமான காரணம், அது மொத்தமே 36 தயாரானது. முதல் தலைமுறை பாக்ஸ்டர் லட்சத்துக்கும் மேல் தயாரானது. ஒருவேளை விலை ஏறினாலும், ஆண்டுக்கு 72 பராமரிப்பும் காப்பீடும் அந்த ஏற்றத்தைத் தின்றுவிடும். ஆனால் உங்கள் பக்கம் ஒரு நியாயம் இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். புதுக் கார் முதல் சில வருடங்களில்தான் வேகமாக மதிப்பிழக்கும். அந்த அடியை முதல் உரிமையாளர் வாங்கிக்கொண்டாயிற்று. ஒழுங்காகப் பராமரித்து, பில்களைப் பத்திரமாக வைத்திருந்தால், சில வருடம் ஓட்டிவிட்டு வாங்கிய விலைக்குப் பக்கத்தில் விற்க வாய்ப்பு உண்டு. இதை லாபமாகப் பார்க்காதீர்கள், அனுபவத்துக்கான செலவு குறைகிறது என்று பாருங்கள்.

என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒருவர் நினைவுக்கு வருகிறார். மஸ்டா ஆர்எக்ஸ்-8 ஒன்றை மிக மலிவாக வாங்கியிருந்தார். அதில் பிஸ்டனுக்குப் பதிலாக முக்கோண வடிவ ரோட்டர் சுழலும். அதன் அழுத்தச் சோதனையை ரோட்டரி இன்ஜினுக்கான தனிக் கருவியில் பார்க்க வேண்டும், அவர் பார்க்கவில்லை. விற்பவர் சூடாக்கி வைத்த இன்ஜினை ஓட்டிப் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுத்துவிட்டார். சில மாதங்களில் ரோட்டரின் முனைகளில் உள்ள சீல்கள் தேய்ந்து, இன்ஜினைப் பிரித்துக் கட்டும் செலவு கார் விலையைத் தாண்டியது. அவர் வந்தபோது அந்தக் கார் ஓடாமல் நின்றுகொண்டிருந்தது, கடன் ஓடிக்கொண்டிருந்தது. அவர் முகம் இன்றும் எனக்கு மறக்கவில்லை. அதனால்தான் உங்களிடம் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்.

இனி என்ன செய்யலாம்? ஒரு தனிக் கணக்கு தொடங்கி, கார் ஏற்கெனவே வந்துவிட்டது போல மாதம் 16-ஐ அதில் போடுங்கள். மீதி 4 மகளின் பெயரில் சேரட்டும். காரோடு வாழ்வது எப்படி இருக்கும் என்பதற்கு இதைவிட நல்ல ஒத்திகை இல்லை. நடுவில் நிறுத்தத் தோன்றினால், கார் வாங்கியிருந்தால் அப்போது நிறுத்த முடிந்திருக்காது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

பதினெட்டு மாதத்தில் அந்தக் கணக்கில் 288 இருக்கும். இன்றைய 130-ஐச் சேர்த்தால் 418. அதை வைத்து 300 அளவில் எளிமையான ஒரு ஸ்போர்ட்ஸ் காரை ரொக்கமாக வாங்கி, 118-ஐ பழுதுக்கென்று தனியே வைத்துக்கொள்ளலாம். என் மனதில் இருப்பது மஸ்டா எம்எக்ஸ்-5. 1989-ல் அறிமுகமாகி, 2016-க்குள் தயாரிப்பு எண்ணிக்கையில் பத்து லட்சத்தைத் தொட்ட கார். நான்கு சிலிண்டர் இன்ஜின் முன்பக்கம், இழுவை பின் சக்கரத்தில், எடை குறைவு. பாகங்கள் தாராளமாகக் கிடைக்கும், சாதாரண மெக்கானிக்கே வேலை பார்த்துவிடுவார். பழையவற்றில் கதவுக்குக் கீழே துரு பிடிக்கும், அதை மட்டும் குனிந்து பாருங்கள். பராமரிப்பு மாதம் 3, மற்றவை 4, தவணை இல்லை. மாதம் 13 மிச்சம். 3.3 எங்கே, 13 எங்கே!

பாக்ஸ்டர்தான் வேண்டும் என்றால் அதற்கும் வழி இருக்கிறது. 600-ம் பழுதுக்கு 120-ம் சேர, மூன்று வருடத்துக்குச் சற்று மேல் ஆகும். காத்திருந்து வாங்குங்கள், நான் தடுக்க மாட்டேன். இடையில் அதே மாடலை ஓரிரு நாள் வாடகைக்கு எடுத்து ஓட்டிப் பாருங்கள். அதில் இரண்டு இருக்கைதான். மூன்று பேர் உள்ள குடும்பத்தில் ஒருவர் எப்போதும் வீட்டில் இருக்க வேண்டும் என்பது ஓட்டும்போதுதான் உறைக்கும்.

எந்தக் காரானாலும், விற்பவருக்குச் சம்பந்தமில்லாத, அந்த வகைக் காரை அறிந்த மெக்கானிக்கிடம் காட்டிவிட்டுத்தான் பணம் கொடுக்க வேண்டும். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். ஆயில் ஃபில்டரை வெட்டித் துகள் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். கதவு, ஃபெண்டர்களின் பெயின்ட் தடிமனை அளந்தால் பழைய விபத்து தெரிந்துவிடும். பாக்ஸ்டரின் கணினியில், தவறான கியரில் போட்டு இன்ஜினை வரம்பு மீறிச் சுழற்றிய பதிவுகள்கூட இருக்கும், அதையும் எடுத்துப் பார்க்கலாம். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019-ன் 23-வது வாரம் தயாரானது. நான்கு டயரும் நான்கு கம்பெனி, நான்கு வருடம் என்றால் அந்த உரிமையாளர் கண்ணுக்குத் தெரியாத இடங்களிலும் அப்படித்தான் சிக்கனம் பிடித்திருப்பார். சேசிஸ் எண் ஆவணத்தோடு ஒத்துப்போகிறதா, காரின் மேல் பழைய கடன் பாக்கி இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். குறைவான கிலோமீட்டரைப் பார்த்து மயங்க வேண்டாம். ஓடாமலே நின்ற காரில் ரப்பர்களும் சீல்களும் காய்ந்து போயிருக்கும்.

மனைவி "உங்கள் இஷ்டம்" என்றதாக எழுதியிருந்தீர்கள். அதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த 450-ல் அவருடைய உழைப்பும் இருக்கிறது. 20 எப்படி 3.3 ஆகிறது என்ற கணக்கையும், பதினெட்டு மாதத் திட்டத்தையும் ஒரே தாளில் எழுதி அவர் முன் வைத்துப் பேசுங்கள். அவருக்கு உள்ளுக்குள் இருக்கும் பயம் அப்போது வார்த்தையாக வெளியே வரும்.

விற்பவருக்கு முன்பணம் கொடுக்க வேண்டாம். "இப்போது வாங்கவில்லை" என்று நேராகச் சொல்லிவிடுங்கள். இந்த மாதச் சம்பளம் வந்ததும் முதல் 16-ஐ அந்தப் புதுக் கணக்கில் போடுங்கள்.