200 ரூபாய் அபராதமும் கம்பெனி பஸ்ஸும்

பிள்ளைகள் பகுதி: வாசகர் கேள்விகளுக்கு ஓய்வுபெற்ற பால்வாடி ஆசிரியை ஒருவரின் பதில்கள்

கேள்வி: ஆம்பூர் பக்கத்தில் நாங்கள் 18 குடும்பங்கள் சேர்ந்து ஒரு மழலையர் பள்ளி நடத்துகிறோம். சம்பளத்துக்கு ஒரு ஆசிரியை மட்டும்தான். தினமும் 2 பெற்றோர் முறை வைத்து வந்து உதவ வேண்டும் என்பது நாங்களே போட்ட விதி. வராதவர்களுக்கு 200 ரூபாய் அபராதம் என்றோம். இப்போது பாதிப் பேர் பணத்தைக் கொடுத்துவிட்டு வருவதே இல்லை. 500 ஆக்கிவிடலாமா?
- ஒரு தாய், ஆம்பூர்

பதில்: 500 ஆக்காதீர்கள் அம்மா. இருக்கிற 200ஐயும் எடுத்துவிடுங்கள். பணம் கட்டியாச்சு, கடமை தீர்ந்தது என்று மனசு கணக்குப் போட்டுக்கொள்ளும். இஸ்ரேலில் ஹைஃபா நகரத்துக் குழந்தைகள் காப்பகங்களில் இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். சாயங்காலம் பிள்ளையை அழைத்துப்போகத் தாமதமாக வரும் பெற்றோருக்கு அபராதம் போட்டார்கள். தாமதம் ஏறக்குறைய இரண்டு மடங்கானது. அபராதத்தை நிறுத்திய பிறகும் அது பழைய அளவுக்கு இறங்கவில்லை. 2000இல் வெளியான ஆய்வு அது. அதனால் நீங்கள் நிறுத்திய மறுநாளே எல்லோரும் வந்து நிற்பார்கள் என்று நான் சொல்ல மாட்டேன்.

முதலில், வராதவர்கள் யார் என்று பாருங்கள். 18 குடும்பம், நாளுக்கு 2 பேர் என்றால் ஒவ்வொரு வீட்டுக்கும் 9 வேலை நாளுக்கு ஒரு முறை வரும். மாதத்துக்கு இரண்டு மூன்று நாள். ஷூ கம்பெனிக்குப் போகிற பெண்ணுக்கு அது இரண்டு மூன்று நாள் கூலி. லீவு போடாமல் போனால்தான் கிடைக்கும் ஊக்கத்தொகை ஏதாவது இருந்தால் அதுவும் போச்சு. உங்கள் அபராதம் அவள் ஒருநாள் கூலியைவிடக் குறைவு. கட்டிவிட்டுக் கம்பெனி பஸ் ஏறிவிடுகிறாள். அவளைப் பொறுப்பில்லாதவள் என்று கூட்டத்தில் யாராவது பேசினால் தயவுசெய்து தடுத்து நிறுத்துங்கள்.

பெற்றோர் முறை வைத்து வந்து உதவும் கூட்டுறவு மழலையர் பள்ளி அமெரிக்காவில் 1916இல் சிகாகோ பல்கலைக்கழகப் பேராசிரியர்களின் மனைவிமார் தொடங்கியது. அவர்கள் வாழ்க்கைக்கு அந்த முறை பொருந்தியது. இத்தாலியில் ரெஜ்ஜியோ எமிலியா பக்கம் நடந்தது வேறு. 1945இல் போர் முடிந்த கையோடு, ஜெர்மானியர் விட்டுப்போன பீரங்கி வண்டி, லாரிகள், குதிரைகளை விற்ற பணத்தில் ஊர்க்காரர்களே தங்கள் பிள்ளைகளுக்குப் பள்ளி கட்டினார்கள். இடிந்த வீடுகளின் செங்கல், ஆற்று மணல். வேலை நடந்தது இரவிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும். பகலில் உழைத்துப் பிழைக்கிற ஊர் அப்படித்தான் செய்ய முடியும். ஆம்பூரும் அந்த மாதிரி ஊர்தானே.

நான் வேலை பார்த்தது குடியாத்தம் பக்கம். அம்மாக்களில் பலர் பீடி சுற்றுகிறவர்கள். பகலில் கூப்பிட்டால் வர முடியாது. அன்றைய எண்ணிக்கை குறைந்தால் அன்றைய காசு குறையும். ஆனால் பொழுது சாய்ந்து முறத்தை இறக்கி வைத்த பிறகு வந்து, புகையிலைத் தூள் போகச் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு, சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தது, பாய்களின் ஓரம் தைத்தது, தண்ணீர்த் தொட்டியைத் தேய்த்தது எல்லாம் அவர்கள்தான். அந்தப் பெண்களை நான் மறக்கவே மாட்டேன்.

ஆகவே வீடு வீடாகப் போய், உங்களால் எப்போது முடியும், என்ன முடியும் என்று கேளுங்கள். மணல்குழி மணலைச் சலிப்பது, உடைந்த பொம்மைக்கு ஆணி அடிப்பது, மாதக் கணக்கு எழுதுவது, சுண்டலுக்கு முந்தின இரவு கடலை ஊறப்போடுவது எல்லாமே முறைதான். கம்பெனியில் ஷூவின் மேல்பாகம் தைக்கிற பெண் ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் உங்கள் பள்ளிக்கு ஒரு வருஷத்துக்கான துணிப் பொம்மை கிடைத்துவிடும். பகல் முறையை வீட்டில் இருப்பவர்களும் பாட்டி தாத்தாக்களும் எடுத்துக்கொள்ளட்டும்.

ஒன்று மட்டும் விட்டுவிடாதீர்கள். தன் பிள்ளை மற்றப் பிள்ளைகளோடு எப்படிப் பேசுகிறது, எதற்குச் சண்டை போடுகிறது, எதைப் பிடுங்குகிறது, எதைக் கொடுக்கிறது என்று ஒவ்வொரு பெற்றோரும் நேரில் பார்க்க வேண்டும். அது எந்த வேலைக்கும் ஈடாகாது. மூன்று மாதத்துக்கு ஒரு ஞாயிறு பள்ளியை வழக்கம்போல் நடத்துங்கள். கம்பெனிக்குப் போகிற அம்மாவும் அப்பாவும் அன்றைக்கு வரட்டும். ஆசிரியைக்கு அதற்குப் பதிலாக வேறு நாள் விடுமுறை கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: என் முறை நாளில் மூன்று வயது மகன் என் மடியை விட்டு இறங்குவதில்லை. மற்ற நாட்களில் நன்றாக இருக்கிறானாம். நான் போவதை நிறுத்திவிடவா?
- வாசகி, சத்துவாச்சாரி

பதில்: நிறுத்த வேண்டாம். அம்மாவை 20 பிள்ளைகளோடு பங்கு போடுவது மூன்று வயதில் சின்ன விஷயமில்லை. நீங்கள் அங்கும் இங்கும் நடமாடினால் அவன் பின்னாலேயே வருவான். ஒரே இடத்தில் பாய் போட்டு உட்கார்ந்து வேர்க்கடலை உரியுங்கள். மடிக்கு வந்தால் தள்ளிவிடாதீர்கள், போனால் கூப்பிடாதீர்கள். தட்டு எடுத்து வைக்கிற வேலையை அவனிடம் கொடுக்கச் சொல்லி ஆசிரியையிடம் கேளுங்கள். அவன் பார்க்காத நேரத்தில் நழுவிப் போவது மட்டும் கூடவே கூடாது. அப்புறம் மற்ற நாட்களும் கெட்டுவிடும்.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற நெசவாளி. பேத்தியின் பள்ளியில் மகனும் மருமகளும் முறைக்குப் போக முடியவில்லை. நான் போகிறேன் என்றால், எல்லாம் பெண்கள் இருக்கிற இடம் என்று மருமகள் தயங்குகிறாள்.
- ஒரு தாத்தா, குடியாத்தம்

பதில்: கட்டாயம் போங்கள் ஐயா. மருமகள் தயக்கத்திலும் தப்பில்லை. அதைத் தீர்க்க வேண்டியது பள்ளி. யார் முறைக்கு வந்தாலும் எந்தப் பிள்ளையோடும் தனியறையில் இருக்கக் கூடாது, கழிவறைக்கு அழைத்துப்போவது ஆசிரியை மட்டும், கதவு திறந்தே இருக்கும், போனில் படம் எடுக்கக் கூடாது. அம்மா, அப்பா, தாத்தா எல்லோருக்கும் ஒரே விதி என்று எழுதி ஒட்டிவிட்டால் யாரும் யாரையும் சந்தேகமாகப் பார்க்க வேண்டியதில்லை.

உங்களுக்குத் தெரிந்ததைக் கொண்டுபோங்கள். ராட்டையில் தார்க்குச்சியில் நூல் சுற்றிக் காட்டுங்கள். நூல் ஓடுவதைப் பார்த்தால் பிள்ளைகள் நகரவே மாட்டார்கள். கைலித் துண்டுகளை நிறம் பிரித்து அடுக்கச் சொல்லுங்கள். கத்தரிக்கோலும் ஊசியும் உங்கள் பையிலேயே இருக்கட்டும். இருமல் சளி இருந்தால் அன்றைக்குப் போகாதீர்கள். தரையில் உட்கார முட்டி வலித்தால் ஒரு முக்காலி எடுத்துப்போங்கள். முறைப் பட்டியலில் மகன் பெயருக்குப் பதிலாக உங்கள் பெயரையே எழுதச் சொல்லுங்கள்.