நீங்கள் உருவாக்கிய மொழியில் டிராகன்கள் மனிதர் மாதிரியே பேசுகின்றனவா?

முதலில் அந்த மொழியிலிருந்து ப, ம, வ மூன்று ஒலிகளையும் தூக்கிவிடுங்கள். அது மனிதப் பேச்சாகவே கேட்பதற்குக் காரணம் பெரும்பாலும் அவைதான். டிராகன்களுக்கு நீங்கள் கொடுத்த பெயர்களில் பாதி 'பம்', 'மாவ்' வகை. இந்த ஒலிகள் உதடு இல்லாமல் வராது.

டிராகன் ஊர்வன சாயல் என்றால், முதலையைப் பாருங்கள். அசையும் உதடு கிடையாது. நாக்கும் கீழ்த்தாடையோடு ஒட்டியிருக்கும், வெளியே நீட்டவே முடியாது. அதனால் ழ, ள கூட சந்தேகம்தான். தொண்டைப் பக்கம் பிறக்கும் க, ங, ஹ, அப்புறம் நீண்ட உறுமல், இவற்றை வைத்துக் கட்டுங்கள்.

விரலால் உதடுகளை விலக்கிப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு பெயரையும் சொல்லிப் பாருங்கள். சிக்கினால் மாற்றுங்கள்.

ஒன்று மட்டும்: கிளிக்கும் உதடு இல்லை, ஆனாலும் 'அம்மா' என்கிறது. அதன் குரல் மூச்சுக்குழாயின் அடியில் பிறக்கிறது. உங்கள் டிராகன் பறவைச் சாயல் என்றால் இந்த விதி செல்லாது.