கேள்வி – பதில்: மேய்ச்சல் கோழியின் கறி

கேள்வி: தென்னந்தோப்பில் பிராய்லர் குஞ்சுகளைத் திறந்துவிட்டு வளர்த்தேன். 45 நாளில் இரண்டு கிலோ வந்துவிட்டது. ஆனால் வாங்கியவர்கள் நாட்டுக்கோழி ருசி இல்லை என்கிறார்கள். ஏன்?
– வாசகர், தேவிப்பட்டினம்

பதில்: திறந்துவிட்டீர்கள், சரி. அவை மேய்ந்தனவா? காலையில் தோப்புக்குள் நின்று பாருங்கள். சிறுவிடை என்ற நாட்டுக்கோழி இனமாக இருந்தால் கடைசி வரப்புவரை கிளறிக்கொண்டு போயிருக்கும். பிராய்லர் தீவனத் தட்டைச் சுற்றியே படுத்திருக்கும். நெஞ்சு கனத்துவிடுவதால் கால் தாங்காது. வெயில் ஏறினால் நிழலைவிட்டு நகரவே நகராது. ஓடாத காலில் தொடைக்கறி சிவக்காது.

ஓட்டத்தைவிடப் பெரிய காரணம் வயது. தசையைக் கட்டிவைத்திருக்கும் கொலாஜன் நார் வயது ஏற ஏற முறுகும். நிதானமாக வேகும்போது அது கரைந்து குழம்பில் இறங்கும். நாட்டுக்கோழிச் சாறு உதட்டில் ஒட்டுவது அதனால்தான். 45 நாள் கோழியில் அந்த நார் இளசு. கறி சீக்கிரம் வெந்துவிடும், சாறு தண்ணீராகவே நிற்கும். வேகமாகக் கொழுத்த சில கோழிகளின் நெஞ்சுக்கறியில் வெள்ளை வரிகளும் மரக்கட்டை போன்ற இறுக்கமும் வருவதுண்டு. அதுவும் வளர்ச்சி வேகத்தோடு வரும் குறைதான்.

அதே கோழியை மூன்று மாதம் வைத்திருந்தால் என்ன என்று நினைக்காதீர்கள். நம் ராமநாதபுரத்துக் கோடையில் கால் முடங்கியும் இதயம் தாங்காமலும் பல செத்துப்போகும். மேய்ச்சலுக்கு மேய்ச்சல் இனம்தான் சரி. ஹைதராபாத் கோழி ஆராய்ச்சி இயக்ககம் உருவாக்கிய வனராஜா, கூடுதல் தீவனம் கொடுத்தால் மூன்று மாதத்தில் ஒன்றரைக் கிலோவை ஒட்டி வரும். சிறுவிடைக்கு அந்த எடை வர ஐந்தாறு மாதம் ஆகும். ருசியில் சிறுவிடைதான் மேல். விலையும் அதற்கேற்பக் கேட்டால்தான் கட்டும்.

கேள்வி: நாட்டுக்கோழிதான் வளர்க்கிறோம். ஆனால் கறியில் மீன் கவிச்சி அடிக்கிறது. காரல் கருவாடும் மீன் குடலும் போடுவோம். அதனாலா?
– வாசகி, பாம்பன்

பதில்: அதனால்தான். மீன் எண்ணெய் கோழிக் கொழுப்பில் அப்படியே படியும். அந்தக் கொழுப்பு காற்றுப்பட்டால் சீக்கிரம் கெடும். கவிச்சி அங்கிருந்து வருகிறது. கறியை மஞ்சள் போட்டு எத்தனை முறை கழுவினாலும் முழுதாகப் போகாது. அறுப்பதற்கு மூன்று வாரம் முன்பே மீனை அடியோடு நிறுத்திவிட்டு, கம்பு, குருணை, தவிடு, கடலைப் பிண்ணாக்கு, அகத்தி, முருங்கைக் கீரைக்கு மாறுங்கள்.

உப்பையும் கவனியுங்கள். மொத்தத் தீவனத்தில் உப்பு அரை சதவீதத்தைத் தாண்டக் கூடாது. உப்புக் கருவாட்டில் பத்தில் ஒரு பங்குக்கு மேலேயே உப்பு இருக்கும். பத்துக் கிலோ தீவனத்தில் ஒரு கிலோ கருவாடு கலந்தால் நூறு கிராம் உப்பு, அதாவது ஒரு சதவீதம். கிணற்றுத் தண்ணீரும் உவர்ப்பாக இருந்தால் எச்சம் தண்ணீராகப் போகும், குஞ்சுகள் சாகும். வளரும் பருவத்தில் உப்பிடாமல் காயவைத்த மீனை மட்டும், நூறு கிலோவுக்கு ஐந்து கிலோவுக்கு மிகாமல் போடுங்கள். பச்சை மீன் குடலை வேகவைக்காமல் போடவே வேண்டாம்.

கேள்வி: மஞ்சள் தோல்தான் அசல் நாட்டுக்கோழிக்கு அடையாளமா?
– வாசகர், தொண்டி

பதில்: இல்லை. தோல் நிறத்தை இனமும் தீனியும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. மக்காச்சோளமும் பசுந்தீவனமும் தின்றால் பிராய்லர் தோல்கூட மஞ்சளிக்கும். வாட்டும்போது பூசும் மஞ்சள் வேறு.

கேள்வி: என் சேவல்கள் ரப்பர் மாதிரி இருப்பதாக ஓட்டல்காரர் திருப்பி அனுப்புகிறார்.
– வாசகர், கீழக்கரை

பதில்: முதலில் நெஞ்செலும்பின் பின்நுனியை விரலால் அழுத்துங்கள். குருத்தாக வளைந்தால் வறுவலுக்கு ஆகும். எலும்பாக இறுகி, காலில் முள்ளும் நீண்டிருந்தால் அது குழம்புக்கும் சாறுக்கும்தான். ஓட்டலுக்கு ஆறு மாதத்துக்குள் கொடுத்துவிடுங்கள். வெடக்கோழி இன்னும் நல்லது.

இளஞ்சேவலும் ரப்பராக இருந்தால் தப்பு அறுப்பில் இருக்கிறது. மத்தியான வெயிலில் துரத்திப் பிடித்து உடனே அறுத்தால் சூடான தசையில் புளிப்பு வேகமாக ஏறி, கறி தண்ணீரை விட்டுவிடும், வெந்ததும் சக்கை. முந்தின இரவே அடைந்திருக்கும் இடத்தில் பிடித்துப் பஞ்சாரத்தில் கவிழ்த்துவிடுங்கள். எட்டு மணி நேரம் தீனி வேண்டாம், தண்ணீர் மட்டும் இருக்கட்டும். விடியலில் அறுங்கள். அறுத்த கொஞ்ச நேரத்தில் தசை விறைக்கும்; அது தளர நாலு மணி நேரமாவது ஆகும். அதற்குள் நெஞ்சுக்கறியை எலும்பிலிருந்து பிரித்தால் சுருங்கி இறுகிவிடும். ஆகவே முழுக்கோழியாகவே ஐஸில் வைத்து அனுப்புங்கள். மீன்பிடித் துறையில் கிடைக்கும் ஐஸ் குடிதண்ணீரில் செய்ததா என்று கேளுங்கள். தெரியாவிட்டால் கறியை உறையில் கட்டி, ஐஸ் நேரடியாகப் படாமல் வையுங்கள்.