ஏஜென்ட்டிடம் கொடுத்த மார்க் ஷீட்டை முதலில் திரும்ப வாங்குங்கள்

கேள்வி: என் மகள் அரசுப் பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் டூ படிக்கிறாள். அரையாண்டில் கணக்கு 68, இயற்பியல் 55, வேதியியல் 41. கணவர் லாரி ஓட்டுகிறார். எங்கள் இரு பக்கக் குடும்பத்திலும் கல்லூரிக்குப் போனவர்கள் இல்லை. இந்த மாதம் ஒருவர் வீடு தேடி வந்து, "இந்த மார்க்குக்கு கவுன்சிலிங்கில் ஒன்றும் கிடைக்காது, கோவையில் ஒரு இன்ஜினியரிங் கல்லூரியில் இப்போதே சீட் பிடித்துத் தருகிறேன்" என்றார். 5,000 ரூபாயும் பத்தாம் வகுப்பு ஒரிஜினல் மார்க் ஷீட்டும் வாங்கிப் போய்விட்டார். மாதக் கடைசிக்குள் இன்னும் 20,000 கட்டச் சொல்கிறார். ஆறாவது முதல் எட்டாவது வரை ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் படித்ததால் 7.5 சதவீத ஒதுக்கீடும் இவளுக்கு வராதாம். கட்டிவிடலாமா? பரீட்சை முடியும்வரை அவளை எப்படிக் கவனித்துக்கொள்வது?
— ஒரு வாசகி, ஆத்தூர்

பதில்: கட்டாதீர்கள் அம்மா. ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம். கொடுத்த 5,000 திரும்பி வருகிறதோ இல்லையோ, அந்த மார்க் ஷீட் இந்த வாரமே உங்கள் கைக்கு வந்தாக வேண்டும்.

தனியாகப் போய்க் கேட்காதீர்கள். கணவரையோ மகளின் வகுப்பாசிரியரையோ கூட்டிக்கொண்டு போங்கள். "பள்ளியில் ஒரிஜினல் கேட்கிறார்கள்" என்று மட்டும் சொல்லிக் கேளுங்கள். இழுத்தடித்தால் உள்ளூர்க் காவல் நிலையத்தில் எழுத்தில் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது (புகாரைப் பெற்றுக்கொண்டதற்குக் காவல் நிலையம் தரும் சீட்டு) வாங்குங்கள். பெரும்பாலும் அந்த ரசீதின் படத்தை அவருடைய வாட்ஸ்அப்புக்கு அனுப்பினாலே மார்க் ஷீட் வந்துவிடும். பொறியியல் கலந்தாய்வுக்கு, அதாவது கவுன்சிலிங்குக்கு, சான்றிதழ்களை ஸ்கேன் செய்து ஏற்றினால் போதும். ஒரிஜினலைக் கல்லூரியில் சேரும் நாளில் காட்டலாம். பரீட்சையே எழுதாத பெண்ணின் ஒரிஜினல் ஜனவரியில் ஒருவருக்கு எதற்கு? நீங்கள் மனம் மாறி வேறு பக்கம் போகாமல் பிடித்து வைப்பதற்குத்தான்.

இப்போது அந்த 7.5 சதவீத விஷயம். இதை விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் வீட்டுக்கு இதில்தான் லட்சக்கணக்கில் பணம் இருக்கிறது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத இடம் என்று 2021-இல் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. அதில் அரசுப் பள்ளி என்பது கல்வித் துறை நேரடியாக நடத்தும் பள்ளி மட்டும் கிடையாது. ஊராட்சி ஒன்றியப் பள்ளி, நகராட்சிப் பள்ளி, மாநகராட்சிப் பள்ளி, ஆதிதிராவிடர் நலப் பள்ளி, கள்ளர் சீரமைப்புப் பள்ளி, வனத்துறைப் பள்ளி எல்லாமே அதில் அடங்கும். ஆகவே உங்கள் மகளுக்கு அது பொருந்தும். அந்த மனிதர் சொன்னது தவறு.

பொருந்தாதது எது தெரியுமா? அரசு உதவி பெறும் பள்ளி. பெயரில் அரசு இருக்கிறது, ஆசிரியர் சம்பளத்தையும் அரசுதான் கொடுக்கிறது, ஆனாலும் 7.5-க்கு அது சேராது. ஆறாம் வகுப்பு ஒரே ஒரு வருடம் அங்கே படித்திருந்தாலும் போயிற்று. இன்னும் குழப்பம் என்னவென்றால், புதுமைப் பெண் திட்டத்தில் கல்லூரி போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுக்கிறார்களே, அதற்கு உதவி பெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்த பெண்களும் தகுதி பெறுவார்கள். ஒரு திட்டத்துக்கு ஆகும் பள்ளி இன்னொன்றுக்கு ஆகாது. இதை ஒவ்வொரு தாய்க்கும் பள்ளியே ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்காததால்தான் வீடு தேடி வருகிறவர் சொல்வதை நம்ப வேண்டியிருக்கிறது.

7.5 ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே கட்டுகிறது, தனியார் சுயநிதிக் கல்லூரியாக இருந்தாலும். ஒரே நிபந்தனை, கலந்தாய்வு வழியாகச் சேர வேண்டும். இந்த மனிதர் பிடித்துத் தருவதாகச் சொல்வது நிர்வாக ஒதுக்கீட்டு இடம், அதாவது கல்லூரியே நேரடியாக நிரப்புவது. அதில் சேர்ந்தால் 7.5 சலுகை கிடையாது. குடும்பத்தில் முதலில் பட்டம் படிப்பவருக்குத் தரும் முதல் பட்டதாரி கட்டணச் சலுகையும் கிடையாது, அதுவும் கலந்தாய்வில் வருபவர்களுக்கு மட்டும்தான். 25,000 கொடுத்து நான்கு வருட இலவசப் படிப்பைக் கைவிடச் சொல்கிறார்.

"இந்த மார்க்குக்கு ஒன்றும் கிடைக்காது" என்றாரே, கணக்குப் போட்டுப் பார்ப்போம். கணக்குப் பாடத்தின் மதிப்பெண் அப்படியே நூற்றுக்கு. இயற்பியலிலும் வேதியியலிலும் பாதிப் பாதி. மொத்தம் 200. இதைத்தான் கட் ஆஃப் என்கிறார்கள். உங்கள் மகளுக்கு 68, 27.5, 20.5 சேர்த்தால் 116. கலந்தாய்வின் கடைசிச் சுற்றில் 100-க்குக் கீழே உள்ளவர்கள்கூட இடம் வாங்கிப் போகிறார்கள். எல்லாச் சுற்றும் முடிந்த பிறகும் ஒவ்வொரு ஆண்டும் ஆயிரக்கணக்கான பொறியியல் இடங்கள் காலியாகவே கிடக்கின்றன. மே மாதம் ரிசல்ட் வந்து, கலந்தாய்வு முடிந்தும் காலியாக இருக்கப்போகும் சீட்டை ஜனவரியில் விற்கிறார்கள்.

இவர்களில் இன்னொரு ரகம் உண்டு. "நான் காசே வாங்கமாட்டேன், கவுன்சிலிங் ஃபார்மை ஃப்ரீயாகப் போட்டுத் தருகிறேன்" என்பார்கள். இவர்களிடம் இன்னும் அதிகக் கவனம் வேண்டும். சில வருடங்களுக்கு முன் சேர்க்கை உதவி மையத்தில் உட்கார்ந்திருந்தபோது ஒரு பையன் வந்தான். கட் ஆஃப் 160-க்கு மேல். ஊர்ப் பக்கம் யாரும் கேள்விப்படாத ஒரு கல்லூரி ஒதுக்கீடாகி, அதை ஏற்றுக்கொண்டதாகவும் பதிவாகியிருந்தது. "நான் எதையும் அமுக்கவே இல்லை சார்" என்றான். விண்ணப்பத்தை அச்செடுத்துப் பார்த்தோம். கைபேசி எண் என்ற கட்டத்தில் இருந்தது அவன் எண்ணும் இல்லை, அப்பா எண்ணும் இல்லை. ஃபார்ம் போட்டுக் கொடுத்தவருடைய எண். ஓ.டி.பி. அங்கே போயிருக்கிறது, பாஸ்வேர்டும் அவரிடம், விருப்பப் பட்டியலில் முதலிடத்தில் அவருக்குக் கமிஷன் தரும் கல்லூரி. பையனின் அப்பா அந்த அச்சுத்தாளை மடித்து மடித்துத் தீப்பெட்டி அளவுக்கு ஆக்கிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அந்தச் சுற்றில் எங்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

அதனால் மே மாதம் விண்ணப்பிக்கும்போது உங்கள் வீட்டில் எப்போதும் இருக்கும் கைபேசியின் எண்ணைக் கொடுங்கள். கணவர் லாரியில் கொண்டுபோகும் போன் வேண்டாம். பாஸ்வேர்டை மகளின் நோட்டில் எழுதி வையுங்கள். விண்ணப்பம் போட பிரவுசிங் சென்டர்கூடத் தேவையில்லை. தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் மாநிலம் முழுக்க நூற்றுக்கும் மேற்பட்ட உதவி மையங்கள் வைத்திருக்கிறது, அங்கே இலவசமாகப் போட்டுத் தருவார்கள். பதிவுக் கட்டணம் 500 ரூபாய், பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 250. ஒதுக்கீட்டு ஆணை வந்ததும், இடம் பொதுப் பிரிவில் வந்திருக்கிறதா 7.5-இல் வந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே ஒப்புதல் கொடுங்கள். முழுக் கட்டணத்தை அரசு கட்டுவது 7.5-இல் இடம் பெறுபவர்களுக்கு.

சரி, பரீட்சைக்கு வருவோம். வேதியியலில் 41 என்று பயப்படுகிறீர்கள். அது இருபது மதிப்பெண்ணாகத்தான் கட் ஆஃபில் வருகிறது. கணக்கை 68-இலிருந்து 80 ஆக்கினால் 12 கூடும். வேதியியலை 55 ஆக்கினால் 7 கூடும். இரண்டும் நடந்தால் 135. ஆகவே கெமிஸ்ட்ரி டியூஷனுக்கு ஓடி ஓடிக் கணக்கைக் கோட்டை விட்டுவிட வேண்டாம். வேதியியலில் எழுத்துத் தேர்வு 70, செய்முறை 20, அகமதிப்பீடு 10. இந்தக் கடைசி 30-ம் பள்ளியிலேயே கிடைப்பது. ரெக்கார்டு நோட்டு முடிந்து கையெழுத்து வாங்கியாயிற்றா என்று இன்று இரவே கேளுங்கள். எழுத்துத் தேர்வில் 15 ஒரு மதிப்பெண் கேள்விகள் உண்டு. பாடத்தின் பின்னால் உள்ளவற்றைத் தினமும் அரை மணி நேரம் நீங்கள் கேள்வியைப் படித்துக் கேளுங்கள், அவள் பதில் சொல்லட்டும். உங்களுக்குப் புரிய வேண்டியதில்லை, விடை பக்கத்திலேயே இருக்கும். மற்றபடி ராத்திரி பதினோரு மணிக்கு மேல் விழிக்க விடாதீர்கள். பக்கத்து வீட்டுப் பெண்ணின் மார்க்கைப் பேசாதீர்கள். ஏஜென்ட் விவகாரத்தையும் அவள் காதுக்குக் கொண்டுபோகாமல் முடித்துவிடுங்கள்.

உங்களுக்கு உண்மையான வேலை சான்றிதழ்களில் இருக்கிறது. அவள் படிக்கும்போது நீங்கள் அலையுங்கள். இ-சேவை மையத்தில் முதல் பட்டதாரிச் சான்று, வருமானச் சான்று, சாதிச் சான்று மூன்றையும் பிப்ரவரிக்குள் விண்ணப்பித்துவிடுங்கள். மே மாதம் தாலுகா அலுவலகத்தில் கூட்டம் நெரியும், கிராம நிர்வாக அலுவலர் ஊரில் இருக்கமாட்டார், சர்வர் படுத்துவிடும். இன்ஷியலும் பெயரின் எழுத்தும் ஆதாரிலும் மார்க் ஷீட்டிலும் ஒன்றாக இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். மகள் பெயரில் ஆதார் இணைத்த வங்கிக் கணக்கு வேண்டும். அப்புறம், ஒன்றியப் பள்ளித் தலைமை ஆசிரியரிடம் ஆறு முதல் எட்டு வரை அங்கே படித்ததற்கான சான்று. அவளுடைய எமிஸ் எண்ணை (பள்ளிக் கல்வித் துறை ஒவ்வொரு மாணவருக்கும் தரும் பதிவு எண்) தட்டினால் எந்த வருடம் எந்தப் பள்ளி என்று அரசின் கணினியிலேயே வந்துவிடும். அப்படியிருந்தும் நூறு நாள் வேலைக்குப் போகிற தாயையும் தகப்பனையும் ஒரு கையெழுத்துக்காகப் பழைய பள்ளி வாசலில் நிற்க வைக்கிறார்கள். வருடா வருடம் இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறோம், மாறவில்லை. நீங்கள் அந்தச் சண்டைக்குக் காத்திருக்க வேண்டாம், போய் வாங்கிவிடுங்கள்.

எந்தக் கல்லூரி என்பதை ரிசல்ட்டுக்குப் பிறகு முடிவு செய்யலாம். கட்டடத்தையும் பஸ்ஸையும் பார்க்காதீர்கள். அண்ணா பல்கலைக்கழகம் ஒவ்வொரு செமஸ்டருக்கும் கல்லூரி வாரியாகத் தேர்ச்சி விழுக்காட்டை வெளியிடுகிறது, அதைப் பள்ளிக் கணினி ஆசிரியரிடம் எடுத்துத் தரச் சொல்லுங்கள். ஒரே பேராசிரியர் பெயரைப் பல கல்லூரிகள் தங்கள் கணக்கில் காட்டியதை 2024-இல் ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் வெளியே கொண்டுவந்தது நினைவிருக்கலாம். நான்கில் ஒருவர்கூடத் தேறாத கல்லூரி இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

மே மாதமே அரசு கலை அறிவியல் கல்லூரிக்கும் ஒரு விண்ணப்பம் போட்டு வையுங்கள், 50 ரூபாய்தான் ஆகும். ஒருவேளை ஒரு பாடம் போய்விட்டாலும் வருடம் வீணாகாது: துணைத்தேர்வு உடனே வரும், அதில் தேறியவர்களுக்குப் பொறியியலில் துணைக் கலந்தாய்வு உண்டு. பிளஸ் டூ தேறியவர்கள் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேரவும் வழி இருக்கிறது.

இதெல்லாம் மே மாதக் கதை. இந்த வாரத்துக்கு மார்க் ஷீட் ஒன்றுதான். அது கைக்கு வந்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். தர மறுத்தால், புகாரில் என்னென்ன எழுத வேண்டும் என்று நானே எழுதி அனுப்புகிறேன்.