பால் கசக்கிறது என்று அப்பா சொன்னது உண்மை

கேள்வி: என் அப்பாவுக்கு 71 வயது. அம்மா காலமாகி ஒன்றரை ஆண்டு ஆகிறது. அதன் பிறகு அவருக்குப் பேச்சு குறைந்துவிட்டது, பெயர்கள் மறந்துபோகின்றன, செய்தித்தாளை விரித்து வைத்துக்கொண்டு ஒரே பக்கத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார். சீரற்ற இதயத்துடிப்புக்காக 4 ஆண்டுகளாக, ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரினும், சர்க்கரைக்காக 12 ஆண்டுகளாக மெட்ஃபார்மினும் சாப்பிடுகிறார். இன்னொரு மாத்திரை என்றாலே கோபப்படுவார் என்பதால், நினைவாற்றலுக்கு ஜின்கோ, மனச்சோர்வுக்குச் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்று இரண்டு மூலிகைக் கேப்சூல்களையும் பிரித்து, பொடியை இரவுப் பாலில் கலந்து கொடுத்துவருகிறேன். பால் கசக்கிறது என்று இரண்டு மூன்று முறை சொன்னார். ‘எப்போதும் போலத்தான் இருக்கிறது, உங்களுக்குத்தான் அப்படித் தோன்றுகிறது’ என்று சமாளித்துவிட்டேன். 3 மாதமாகியும் பெரிய மாற்றமில்லை. அளவைக் கூட்டலாமா? பிரம்மியும் சேர்க்கலாமா? (போன வாரம் ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு மருத்துவர் வார்ஃபரின் அளவைக் கூட்டினார். மூலிகை என்பதால் அவரிடம் இதையெல்லாம் சொல்லவில்லை.)

பதில்: சகோதரி, அளவைக் கூட்டக் கூடாது, பிரம்மியும் சேர்க்கக் கூடாது. மீதிப் பதிலைப் பிறகு படித்துக்கொள்ளலாம், முதலில் மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்து, 3 மாதமாக அப்பாவுக்கு என்ன கொடுத்தீர்கள் என்பதை ஒன்று விடாமல் சொல்லுங்கள். செயின்ட் ஜான்ஸ் வோர்ட்டில் உள்ள ஹைப்பர்ஃபோரின் என்ற பொருள், மருந்துகளைச் சிதைத்து வெளியேற்றும் கல்லீரல் நொதிகளைத் தூண்டிவிடுகிறது. அதனால் வார்ஃபரின் வேலை செய்து முடிப்பதற்குள் உடம்பை விட்டுப் போய்விடுகிறது. ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்பதைக் காட்டும் ஐ.என்.ஆர். அளவு, பொதுவாக 2க்கும் 3க்கும் இடையில் இருக்க வேண்டியது, இறங்குகிறது. சீராகத் துடிக்காத இதயத்தில் ரத்தம் உறைந்து, அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம் வரும். அதைத் தடுப்பதற்காகத்தான் அப்பா 4 ஆண்டுகளாக அந்த மாத்திரையை விழுங்கிவருகிறார்.

பரிசோதனையில் அளவு குறைந்ததற்குக் காரணம் தெரியாததால், உங்கள் மருத்துவர் தமக்குத் தெரிந்ததை வைத்து மாத்திரையைக் கூட்டியிருக்கிறார். இப்போது நீங்கள் பயந்துபோய், யாரிடமும் சொல்லாமல் பொடியைச் சட்டென்று நிறுத்தினாலும் ஆபத்துதான். நொதிகள் இரண்டு வாரத்துக்குள் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். கூட்டிய வார்ஃபரின் மட்டும் உடம்பில் நின்று ரத்தக்கசிவில் கொண்டுபோய் விடலாம். ஜின்கோவுக்கும் ரத்தக்கசிவைக் கூட்டக்கூடிய தன்மை உண்டு என்ற எச்சரிக்கை இருக்கிறது. ஆகவே பொடியை நிறுத்துவது, அதற்கேற்ப வார்ஃபரினை மாற்றுவது, அடுத்தடுத்த வாரங்களில் ரத்தத்தைச் சோதிப்பது ஆகிய மூன்றும் மருத்துவர் சொல்லும் ஒழுங்கில் நடக்க வேண்டும். திட்டுவாரே என்று தள்ளிப்போடாதீர்கள். திட்டினால் கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி, போகிற போக்கில் நீங்கள் எழுதிச் சென்ற ஒரு வரிக்கு வருகிறேன். பால் கசக்கிறது என்று அவர் சொன்னார், உங்களுக்குத்தான் அப்படித் தோன்றுகிறது என்று நீங்கள் சொன்னீர்கள். வயது, பெயர், காலம் எல்லாவற்றையும் கவனமாக எழுதிய நீங்கள், இந்த வரியை மட்டும் ஒரு சின்னச் சிரமத்தைக் கடந்துவந்தது போல எழுதியிருக்கிறீர்கள். எனக்கு இந்தக் கடிதம் முழுவதும் அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது. நேற்றுக் குடித்த பாலின் சுவையை இன்றைய பாலோடு ஒப்பிட்டு, மாறியிருக்கிறது என்று ஒருவர் சொல்ல வேண்டுமானால் அவருக்கு நினைவு வேண்டும், கவனம் வேண்டும், அதை இன்னொருவரிடம் சொல்ல வேண்டும் என்ற விருப்பமும் வேண்டும். உங்கள் அப்பாவிடம் இவை மூன்றும் இருந்தன. எந்த நினைவு திரும்ப வேண்டும் என்று பொடி கலந்தீர்களோ அந்த நினைவு சரியாக வேலை செய்தது. அது வேலை செய்த நேரத்தில் தவறு என்று சொல்லி அதை அடக்கிவிட்டீர்கள்.

பெயர்கள் நழுவத் தொடங்கிய ஒருவர் தமக்குள் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார் என்று யோசித்துப் பாருங்கள். கண் பார்ப்பது, காது கேட்பது, நாக்கு உணர்வது ஆகியவற்றைத்தான். அவற்றையும் நம்ப முடியாது என்று, அவர் இந்த உலகத்தில் மிகவும் நம்பும் மகளே சொன்னால், அவர் எங்கே போய் நிற்பார்? இரண்டு மூன்று முறை சொன்னார் என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்குப் பிறகு சொல்லவில்லை என்றுதான் அதற்கு அர்த்தம். கசப்பு போய்விடவில்லை, நீங்கள் கலப்பதை நிறுத்தவுமில்லை; அவர்தான் சொல்வதை நிறுத்திக்கொண்டார். பேச்சு குறைந்துவிட்டது என்று வருந்தும் நீங்கள் இந்த மௌனத்தையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். மறதி நோய் முற்றிய சிலர், உணவில் யாரோ எதையோ கலக்கிறார்கள் என்று சந்தேகப்பட்டுச் சாப்பிட மறுப்பார்கள். இல்லாத ஒன்றை நினைத்துப் பயப்படுகிறார்களே என்று வீட்டார் தவிப்பார்கள். உங்கள் வீட்டில் அந்தச் சந்தேகம் ஒருநாள் வந்தால், இல்லை என்று நீங்கள் எந்த முகத்தோடு சொல்வீர்கள்?

என் தாயார் தம் கடைசி ஆண்டுகளில் ஒவ்வொரு இரவும் மாத்திரையை உள்ளங்கையில் வைத்து, விளக்கடியில் கொண்டுபோய் விரலால் புரட்டிப் பார்த்து, “இது எதுக்கு?” என்று கேட்பார். முந்தின இரவு சொன்னது அவருக்கு நினைவிருக்காது. ஒருநாள் அலுப்பில், “குடுத்தா சாப்பிட வேண்டியதுதானே” என்று சொல்லிவிட்டேன். அவர் ஒன்றும் பேசாமல் மாத்திரையை மேசைமேல் வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் மடியில் கோத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பிறகு, “இது ரத்த அழுத்தத்துக்கும்மா” என்று ஒவ்வொரு இரவும் சொன்னேன். பெற்றவர் எவ்வளவு தளர்ந்தாலும், தம் உடம்புக்குள் போவது என்ன என்று கேட்கவும், வேண்டாம் என்று சொல்லவும் அவருக்கு இருக்கும் உரிமை போய்விடாது என்பதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. நம்மைப் பேச வைத்து, கேள்வி கேட்க வைத்து வளர்த்தவர்கள் அவர்கள். அவர்கள் கேள்வி கேட்கும் காலத்தில் பதில் சொல்வது பிள்ளைகளின் கடமை.

அந்தப் பொடிகளையும் பார்த்துவிடுவோம். ஜின்கோவைப் பற்றிய மிகப் பெரிய ஆய்வுகளில் ஒன்று அமெரிக்காவில் நடந்து 2008இல் வெளியானது. 75 வயதும் அதற்கு மேலும் ஆன 3,069 பேரில் ஒரு பாதிக்கு ஜின்கோவை நாளுக்கு இருமுறை 120 மில்லிகிராம் வீதமும், மற்றப் பாதிக்கு மருந்தே இல்லாத வெற்று மாத்திரையும் கொடுத்து, ஏறத்தாழ 6 ஆண்டுகள் கவனித்தார்கள். மறதி நோய் வந்தவர்கள் ஜின்கோ சாப்பிட்டவர்களில் 277 பேர், வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 246 பேர். இதற்குமேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. செயின்ட் ஜான்ஸ் வோர்ட்டின் கதை வேறு. லேசான, நடுத்தரமான மனச்சோர்வில் அது வெற்று மாத்திரையைவிட நன்றாக வேலை செய்வதாகப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வேலை செய்கிற பொருள் என்பதால்தான் அது மற்ற மருந்துகளோடு மோதுகிறது. கருத்தடை மாத்திரையும், மாற்று உறுப்பைக் காப்பாற்றும் சைக்ளோஸ்போரினும் அதனால் பலமிழக்கின்றன. மனச்சோர்வுக்கான சில மாத்திரைகளோடு சேர்ந்தால், நரம்புகளுக்கிடையே செய்தி கடத்தும் செரோட்டோனின் என்ற பொருள் அளவுமீறி உயிருக்கே ஆபத்தாகலாம். மூலிகைதானே என்று மருத்துவரிடம் சொல்லாமல் விட்டவர்களின் கடிதங்கள் எனக்கு வந்துகொண்டேயிருக்கின்றன. மருந்தின் குணம் வேண்டும் என்று வாங்கிவிட்டு, மருந்துக்குரிய எச்சரிக்கை மட்டும் வேண்டாம் என்றால் எப்படி?

பிரம்மி என்ற பெயரில் நீர்ப்பிரமியும் விற்கிறது, வல்லாரையும் விற்கிறது. இரண்டும் வெவ்வேறு செடிகள். நீர்ப்பிரமிச் சாற்றை 12 வாரம் கொடுத்துப் பார்த்த சிறிய ஆய்வுகள் சிலவற்றில், கேட்ட சொற்களைத் திரும்பச் சொல்லும் திறன் ஓரளவு கூடியிருக்கிறது. வயிற்றுக் கோளாறும் சிலருக்கு வந்திருக்கிறது. வார்ஃபரின் சாப்பிடுகிறவருக்கு அதையும் கேட்காமல் கொடுக்கக் கூடாது.

நீங்கள் தேட வேண்டிய இடம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. மெட்ஃபார்மினை ஆண்டுக்கணக்கில் சாப்பிடுகிறவர்களுக்கு உணவிலுள்ள பி12 வைட்டமின் உடம்பில் சேர்வது குறையலாம். கல்லீரலில் பல ஆண்டுகளுக்கான சேமிப்பு இருப்பதால் இந்தக் குறை வெளியே தெரியவே காலமாகும். தெரியும்போது மறதியாகவும், மனத்தளர்ச்சியாகவும், பாதத்தில் மரத்துப்போன உணர்வாகவும் தெரியும். கண்டுபிடிக்க ஒரு ரத்தப் பரிசோதனை போதும், சரிசெய்ய மாத்திரையோ ஊசியோ போதும். நீண்ட காலம் விட்டுவிட்டால் நரம்புக்கு வந்த சேதம் திரும்பாமலும் போகலாம். குறை இருக்கிறவருக்கு உண்மையாகவே உதவும் சத்து அது. 12 ஆண்டுகள் மெட்ஃபார்மின் சாப்பிட்டவருக்கு அதைச் சோதிக்காமல் ஜின்கோவைத் தேடிப் போயிருக்கிறீர்கள். தைராய்டையும் காது கேட்கும் திறனையும் பார்க்கச் சொல்லுங்கள். தூக்கத்துக்கோ அரிப்புக்கோ டைஃபென்ஹைட்ரமின் போன்ற மாத்திரை ஏதாவது தாமாக வாங்கிச் சாப்பிடுகிறாரா என்றும் விசாரியுங்கள். அதுவே முதியவர்களின் நினைவை மங்கச் செய்யும். மனைவியை இழந்த துக்கம் மனச்சோர்வாகி மறதி போலத் தெரிவதும் உண்டு, அதற்கும் சிகிச்சை இருக்கிறது. பொடியைக் கலந்த இந்த 3 மாதத்தில் அம்மாவைப் பற்றி அவரோடு எத்தனை முறை உட்கார்ந்து பேசினீர்கள் என்று உங்கள் கடிதத்தில் இல்லை.

மருத்துவரிடம் பேசிய அதே நாளில் அப்பாவிடமும் பேசுங்கள். அவருடைய நல்லதுக்காகத்தான் செய்தேன் என்று தொடங்காதீர்கள். பால் கசந்தது உண்மை, அதில் நான்தான் மருந்து கலந்தேன், உங்களுக்குத்தான் அப்படித் தோன்றுகிறது என்று சொன்னது பொய் என்று, இந்த வரிசையிலேயே சொல்லுங்கள். அவர் கோபப்படுவார், கோபம் தணியும்வரை அருகிலேயே இருங்கள். சில நாள் உங்கள் கையால் பால் வேண்டாம் என்றால், அவர் எதிரிலேயே காய்ச்சி ஊற்றுங்கள், அல்லது அவரையே காய்ச்சிக்கொள்ளச் சொல்லுங்கள். மறுநாள் நினைவில்லாமல் மறுபடி கேட்டால் மறுபடியும் சொல்லுங்கள். மருத்துவரைப் பார்க்கப் போகும்போது அந்த இரண்டு பாட்டில்களையும், வார்ஃபரின், மெட்ஃபார்மின் அட்டைகளையும் ஒரே பையில் போட்டு அப்பா கையில் கொடுங்கள். மேசைமேல் அவரே எடுத்து வைக்கட்டும். ரத்தப் பரிசோதனைகளெல்லாம் முடிந்த பிறகு ஏதாவது ஒரு மூலிகை அவருக்குப் பொருந்தும் என்று மருத்துவர் சொன்னால், அது எதற்கு என்று சொல்லிவிட்டு அவர் உள்ளங்கையில் வையுங்கள். வேண்டாம் என்றால் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.