மிக்ஸ், பிளெண்ட், கம்பைன், மெர்ஜ்: எல்லாமே 'சேர்'தானா?

அகராதியில் நான்குக்கும் 'சேர்' என்றே போட்டிருக்கிறது, இரண்டு கோப்புகளை ஒன்றாக்கியதற்கு எதை எழுதுவது என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் இதே இடத்தில் இடறியவன். திருகோணமலையில் ஓர் அலுவலகத்தில் வேலைக்குப் போன புதிதில், இரண்டு பதிவேடுகளையும் 'மிக்ஸ்' செய்துவிட்டேன் என்று ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தேன். மேலதிகாரி பதறிப்போனார். பெயர்களெல்லாம் தாறுமாறாகக் கலந்துவிட்டன என்றே அவருக்குப் பட்டிருக்கிறது.

அன்றிலிருந்து நான் பார்ப்பது ஒன்றைத்தான்: சேர்ந்த பிறகு அந்தப் பொருள்களுக்கு என்ன ஆகிறது?

மூதூர்ப் பக்கத்து எருமைத் தயிரை எடுத்துக்கொள்ளுங்கள். மேலே கித்துள் பாணியை ஊற்றினால் 'ஆட்'. கரண்டியால் இரண்டு சுற்றுச் சுற்றினால் 'மிக்ஸ்'. பாணி இன்னும் கோடு கோடாகத் தெரிந்தாலும் பரவாயில்லை. எது தயிர், எது பாணி என்று தெரியாதபடி அடித்துவிட்டால் 'பிளெண்ட்'. பல தோட்டத்துத் தேயிலைகளைச் சேர்ப்பதையும் பிளெண்ட் என்றுதான் சொல்வார்கள். கோப்பையில் ஒரே சுவையாக இறங்க வேண்டுமே!

'கம்பைன்' வேறு மாதிரி. கந்தளாய் வயல்களில் ஓடும் அறுவடை இயந்திரத்துக்கே அந்தப் பெயர் உண்டு. அருவி வெட்டுவது, சூடு அடிப்பது, தூற்றுவது மூன்றையும் ஒரே ஓட்டத்தில் செய்கிறது. மூன்றும் மூன்று வேலைகளாகவே இருக்கின்றன, நோக்கம் மட்டும் ஒன்று.

'மெர்ஜ்' எனக்கு மிகவும் பிடித்த சொல். அமிழ்த்து என்ற பொருளுள்ள லத்தீன் வினையிலிருந்து வந்தது. நீர்மூழ்கியைக் குறிக்கும் 'சப்மரீன்' இல்லை, நீரில் மூழ்குவதைச் சொல்லும் 'சப்மெர்ஜ்' இதன் உறவு. மகாவலி கொட்டியாரக் குடாவில் போய் விழும் இடத்தை நினைத்துப் பாருங்கள். அதற்கப்பால் அதை யாரும் ஆறு என்று சொல்வதில்லை. இரண்டு வங்கிகள் ஒன்றானாலும் மெர்ஜ்தான்.

'யுனைட்' பெரும்பாலும் மனிதருக்கும் நாடுகளுக்கும். இன்னொன்று, 'ஸ்பிளைஸ்': அறுந்த கயிற்றின் புரிகளைப் பிரித்து, முடிச்சே போடாமல் ஒன்றுக்குள் ஒன்றாகப் பின்னிச் சேர்ப்பது. கடற்கரையில் வளர்ந்த நமக்கு இது புரியாமல் போகாது.

சரி, உங்கள் கோப்புகள். இரண்டும் ஒரே கோப்பாகிவிட்டதால் 'மெர்ஜ்' என்று எழுதுங்கள். 'கம்பைன்' என்றாலும் பிழையில்லை. 'மிக்ஸ்' மட்டும் வேண்டாம்.