பாஸ்வேர்ட் சரியாகப் போட்டும் லினக்ஸ் மின்ட் மறுபடி லாகின் திரைக்கே வருகிறது. கடையில் ஃபார்மேட் செய்யச் சொல்கிறார்கள். வேறு வழி உண்டா?

உண்டு. தயவுசெய்து ஃபார்மேட் செய்யக் கொடுத்துவிடாதீர்கள். உங்கள் ஃபைல்கள் பெரும்பாலும் உள்ளே பத்திரமாகத்தான் இருக்கும். பாஸ்வேர்ட் தப்பாக இருந்தால் தப்பு என்று அந்தப் பெட்டியே சொல்லிவிடும். ஒரு நொடி திரை கறுத்து, மறுபடி அதே பெட்டி வருகிறது என்றால், பாஸ்வேர்டை ஏற்றுக்கொண்டு, உங்கள் டெஸ்க்டாப்பைத் திறக்கப் போய், ஏதோ ஒன்று தடுத்ததால் திரும்பி வந்திருக்கிறது என்று அர்த்தம். அந்த ஏதோ ஒன்று என்ன என்பதைத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

2019 மழைக்காலத்தில் இதே பிரச்சினையைப் போனிலேயே சரிசெய்ய வேண்டி வந்தது. அதை அப்படியே சொல்கிறேன், உங்களுக்கும் வழி கிடைக்கும்.

எனக்கு வீடு தாராவி 90 அடி ரோடு பக்கம், வேலை தானேயில். அன்று சயான் பக்கம் தண்டவாளத்தில் தண்ணீர் ஏறி ரயில் நின்றுவிட்டது. ராத்திரி ஆபீஸிலேயே தங்கிவிடலாம் என்று உட்கார்ந்திருந்தபோது பக்கத்து வீட்டுப் பெண்ணிடமிருந்து போன். பி.காம் படிக்கிறாள். அவள் அப்பா தோல் பை தைக்கும் பட்டறை வைத்திருக்கிறார். லாமிங்டன் ரோட்டில் வாங்கிய பழைய லேப்டாப் ஒன்றில் நான்தான் லினக்ஸ் மின்ட் 19 போட்டுக் கொடுத்திருந்தேன். யார் யாருக்கு எத்தனை பை போனது, யார் எவ்வளவு பாக்கி என்பதெல்லாம் லிப்ரே ஆபீஸில் அவள் கையால் ஏற்றியது.

"அண்ணே, உள்ளேயே விடமாட்டேங்குது. பாஸ்வேர்ட் போட்டா திரும்பத் திரும்ப அதே பேஜ் வருது. கடையில கேட்டா ஃபார்மேட் அடிச்சாதான் சரியாகும்ங்கிறாங்க. நாளைக்கு அப்பா பாக்கி வாங்கப் போகணும்ணே."

காப்பி எங்காவது இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை. இந்தப் பதிலுக்குப் பிறகு ஃபார்மேட் என்ற பேச்சுக்கே இடமில்லை.

முதலில் அவளை எழுத்துத் திரைக்குப் போகச் சொன்னேன். நீங்களும் இதைத்தான் முதலில் செய்ய வேண்டும். லாகின் பெட்டி தெரியும்போது கன்ட்ரோல், ஆல்ட் இரண்டையும் பிடித்துக்கொண்டு எஃப்3 அழுத்துங்கள். சில லேப்டாப்களில் கூடவே எஃப்என் பட்டனையும் பிடிக்க வேண்டியிருக்கும். படம் எல்லாம் போய், கறுப்புத் திரையில் லாகின் என்று ஒரே ஒரு வரி நிற்கும். பயப்பட வேண்டாம், அதுவும் உங்கள் அதே லினக்ஸ்தான். யூசர் பெயரும் பாஸ்வேர்டும் கொடுங்கள். பாஸ்வேர்ட் அடிக்கும்போது திரையில் புள்ளிகூட விழாது. கீபோர்ட் வேலை செய்யவில்லையோ என்று அவள் இரண்டு தடவை நிறுத்திவிட்டாள். தைரியமாக அடித்து என்டர் தட்டுங்கள்.

உள்ளே போய்விட்டீர்களா? அப்படியானால் பாதி சந்தேகம் தீர்ந்தது. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் ஓடுகிறது, டிஸ்க் திறக்கிறது, பாஸ்வேர்ட் சரி. பழுது இருப்பது அதற்கு மேலே, டெஸ்க்டாப் கிளம்பும் இடத்தில். எழுத்துத் திரைகூட வராமல் மெஷினே உறைந்து நின்றால் அது வேறு கதை, பெரும்பாலும் கிராஃபிக்ஸ் டிரைவர், அதாவது திரையில் படம் காட்டும் கார்டை இயக்குகிற மென்பொருள், சம்பந்தப்பட்டது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

அடுத்ததாக டிஸ்க்கில் இடம் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னேன். டி ஃபார் டில்லி, எஃப் ஃபார் ஃபேன், ஓர் இடைவெளி, ஒரு ஹைஃபன், எச். எல்லாம் சின்ன எழுத்து. இவ்வளவுதான் கட்டளை. அவள் வரி வரியாக வாசித்துக்கொண்டே வந்தாள். வெறும் சாய்கோடு மட்டும் இருக்கிற வரியில் எத்தனை சதவீதம் என்று கேட்டேன்.

"நூறுண்ணே. பக்கத்துல மிச்சம் ஜீரோன்னு போட்டிருக்கு."

காரணம் கிடைத்துவிட்டது. டிஸ்க் நிறைந்தால் டெஸ்க்டாப் ஏன் வராது என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். எழுத்துத் திரையில் நுழைவதற்குப் புதிதாக எதையும் எழுதி வைக்க வேண்டியதில்லை. டெஸ்க்டாப் அப்படியில்லை. கிளம்பும்போதே உங்கள் ஃபைல்கள் எல்லாம் இருக்கிற ஹோம் ஃபோல்டரில் இரண்டு மூன்று சின்ன ஃபைல்களை எழுதும், தற்காலிக ஃபைல்களுக்கான டெம்ப் ஃபோல்டரில் ஒன்றிரண்டு வைக்கும். எழுத இடம் இல்லையென்றால் அங்கேயே விழுந்துவிடும். விழுந்ததும் லாகின் பெட்டி மறுபடி முன்னால் வந்து நிற்கும்.

அப்புறம் லாகின் பெட்டி மட்டும் எப்படி அழகாக வருகிறது? ஈஎக்ஸ்டி4 என்பது லினக்ஸ் வழக்கமாக டிஸ்க்கில் ஃபைல்களை அடுக்கி வைக்கும் முறை. அப்படி அமைத்த டிஸ்க்கில் வழக்கமாக 5 சதவீத இடம் ரூட் என்கிற நிர்வாகிக்கு ஒதுக்கப்பட்டிருக்கும். சாதாரண யூசருக்கு மிச்சம் பூஜ்ஜியம் என்று காட்டும்போதும் ரூட்டுக்கு அந்த 5 சதவீதம் உண்டு. 40 ஜிபி பார்ட்டிஷனில், அதாவது டிஸ்க்கில் பிரித்த ஒரு பகுதியில், அது கிட்டத்தட்ட 2 ஜிபி. லாகின் பெட்டியை எழுப்புகிற லைட்டிஎம், படம் வரைகிற எக்ஸ் சர்வர் இரண்டும் அந்த மின்ட்டில் ரூட்டாக ஓடுபவை. அவற்றுக்கு மூச்சுவிட இடம் இருந்தது, அவளுக்கு இல்லை. இது தெரிந்துவிட்டால் வெளியே எல்லாம் சரியாக இருந்து உள்ளே மட்டும் விடாத இந்த விசித்திரம் புரிந்துவிடும்.

இடத்தை யார் தின்றார்கள்? டைம்ஷிஃப்ட். மின்ட் 19 வந்தபோது முன்னால் நிறுத்தப்பட்ட வசதி அது. சிஸ்டத்தின் நகலை அவ்வப்போது எடுத்து வைக்கும், ஏதாவது கெட்டால் பழைய நிலைக்குத் திரும்பலாம். நல்ல விஷயம்தான். ஆனால் நான் மொத்தமாக 40 ஜிபி கொடுத்துவிட்டு, அதே பார்ட்டிஷனில் தினமும் நகல் எடுக்கும்படி வைத்திருந்தேன். அப்டேட் ஆக ஆக நகல்கள் பெருத்து இடத்தை அடைத்துவிட்டன. அமைத்துக் கொடுத்த அன்றே நான் யோசித்திருக்க வேண்டிய விஷயம் அது.

அழிப்பதற்கு முன்னால் கணக்கைக் காப்பாற்றினோம். பென் டிரைவைச் செருகி, எல்எஸ்பிஎல்கே என்று ஐந்து எழுத்து அடித்தால் டிஸ்க்குகளின் பட்டியல் வரும். அதில் பென் டிரைவ் எந்தப் பெயரில் இருக்கிறது என்று அளவை வைத்துக் கண்டுபிடித்து, சூடோ (நிர்வாகி உரிமையோடு ஓட்டு என்று கட்டளைக்கு முன்னால் போடும் சொல்) போட்டு மவுன்ட் செய்து, அதாவது ஒரு ஃபோல்டரோடு இணைத்து, டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரை அப்படியே நகலெடுத்தோம். ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லிச் சொல்லி இருபது நிமிஷம் ஆனது. நகல் முடிந்தது என்று அவள் சொன்னபோது எனக்கே உடம்பு லேசானது. நீங்களும் மற்ற எதையும் தொடுவதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள். எழுத்துத் திரை சிரமம் என்றால், வேறொரு கம்ப்யூட்டரில் மின்ட்டின் லைவ் யுஎஸ்பி, அதாவது இன்ஸ்டால் செய்யாமலே மின்ட் ஓடுகிற பென் டிரைவ், தயாரித்து, அதில் பூட் செய்து, மவுஸ் பிடித்தே நகலெடுக்கலாம்.

அதற்குப் பிறகு சூடோ, டைம்ஷிஃப்ட், இரண்டு ஹைஃபன், டெலீட், ஹைஃபன், ஆல். கூடவே சூடோ ஆப்ட் கிளீன், டவுன்லோட் ஆகித் தேங்கிக் கிடக்கும் பேக்கேஜ்களைக் கழிக்க. திரும்ப டிஎஃப் பார்த்தால் 52 சதவீதம். சரி, முடிந்தது என்று நினைத்து லாகின் பெட்டிக்குத் திரும்பச் சொன்னேன். அந்த மின்ட்டில் அது கன்ட்ரோல், ஆல்ட், எஃப்7.

மறுபடி அதே கறுப்பு, அதே பெட்டி.

அப்போதுதான் அவள் சொன்னாள்: "நேத்து ஒரு தடவை மட்டும் வந்துச்சுண்ணே. கூடப் படிக்கிற பையன் ஒரு கமாண்ட் சொன்னான். ரீஸ்டார்ட் பண்ணதும் திரும்பப் போயிடுச்சு."

என்ன கமாண்ட் என்றேன். சூடோ ஸ்டார்ட்எக்ஸ். லாகின் பெட்டி இல்லாமல், நிர்வாகி உரிமையோடு டெஸ்க்டாப்பைக் கிளப்புகிற கட்டளை. இதை இணையத்தில் பல இடங்களில் தீர்வாகச் சொல்கிறார்கள். இதைச் செய்யாதீர்கள், ஏற்கெனவே செய்திருந்தால் அடுத்து வருவதைக் கவனமாகப் படியுங்கள்.

திரையில் சாளரங்களை வரைகிற எக்ஸ் என்கிற இந்த அமைப்பு 1984இல் எம்ஐடியில் தொடங்கியது. இன்றும் புழங்குகிற எக்ஸ்11 வடிவம் 1987இல் வந்தது. ஓர் இடத்தில் இருக்கிற மெஷினில் ஓடும் புரோகிராம், வேறோர் இடத்தில் இருக்கிற திரையில் தன் சாளரத்தைத் திறக்கலாம் என்பது அதன் அடிப்படை. அப்படியென்றால் யார் வேண்டுமானாலும் உங்கள் திரையில் நுழையலாமே? அதைத் தடுக்க ஒரு சாவி வைத்தார்கள். ஒவ்வொரு தடவை நீங்கள் லாகின் செய்யும்போதும் ஒரு ரகசிய எண் உருவாகி, உங்கள் ஹோம் ஃபோல்டரில் புள்ளியில் தொடங்கும் எக்ஸ்அதாரிட்டி என்ற மறைவு ஃபைலில் எழுதப்படும். டெஸ்க்டாப்பின் ஒவ்வொரு பகுதியும் அந்த எண்ணைக் காட்டினால்தான் எக்ஸ் சர்வர் உள்ளே விடும்.

சூடோ போட்டு ஸ்டார்ட்எக்ஸ் கொடுத்தபோது ரூட் அந்த ஃபைலைப் புதிதாக எழுதிவிட்டது. ஃபைல் இருப்பது அவள் ஃபோல்டரில், உரிமையாளர் ரூட். அடுத்த தடவை அவள் பெயரில் லாகின் செய்யும்போது அதைத் திறக்கவும் முடியாது, எழுதவும் முடியாது. நேற்று ஒரே ஒரு தடவை டெஸ்க்டாப் வந்ததற்கும் காரணம் அதுதான். ரூட்டாக ஓடியதால் அந்த 5 சதவீத இடம் அதற்குக் கிடைத்தது. ஆக, முதல் பழுதின் மேல் இரண்டாவது பழுது ஏறியிருந்தது. ஒன்றை மட்டும் சரிசெய்தால் வித்தியாசமே தெரியாது.

உங்களுக்கும் இது இருக்கிறதா என்று பார்க்க, எழுத்துத் திரையில் எல்எஸ், இடைவெளி, ஹைஃபன், எல்ஏ அடியுங்கள். பட்டியல் நீளமாக வரும். அதில் மூன்றாவது, நான்காவது பத்திகளில் உங்கள் யூசர் பெயர் இருக்க வேண்டும். எக்ஸ்அதாரிட்டி, ஐசிஇஅதாரிட்டி என்று இரண்டு ஃபைல்கள் இருக்கும். அவற்றுக்கு நேராக ரூட் என்று இருந்தால் அதுதான் பழுது. மேலே இரண்டு புள்ளியாக ஒரு வரி வரும், அதில் ரூட் இருப்பது இயல்பு, அதைப் பொருட்படுத்த வேண்டாம். சரிசெய்ய ஒரே கட்டளை: சூடோ, சிஎச்ஓடபிள்யூஎன், ஹைஃபன் பெரிய ஆர், உங்கள் யூசர் பெயர், முக்காற்புள்ளி (கோலன்), மறுபடி யூசர் பெயர், இவை மூன்றும் இடைவெளி இல்லாமல், பிறகு உங்கள் ஹோம் ஃபோல்டரின் முழுப் பாதை. பாதையை மட்டும் இரண்டு தடவை பாருங்கள். ஹோம் என்பதற்குப் பிறகு உங்கள் பெயர் கட்டாயம் இருக்க வேண்டும். வெறும் சாய்கோட்டோடு என்டர் தட்டிவிட்டால் சிஸ்டம் முழுவதும் உரிமையாளர் மாறிப்போகும், அதைச் சீர்செய்வது பெரும்பாடு.

அவள் அதை அடித்து முடித்து எஃப்7க்குப் போய் பாஸ்வேர்ட் போட்டாள். போனில் சத்தமே இல்லை. பிறகு பின்னால் அவள் அம்மா "வந்துருச்சா?" என்று கேட்பது எனக்குக் கேட்டது.

உங்களுக்கு இந்த இரண்டும் சரியாக இருந்தும் டெஸ்க்டாப் வரவில்லை என்றால், ஒரு சோதனை செய்யுங்கள். எழுத்துத் திரையில் சூடோ ஆட்யூசர் கொடுத்து, சோதனைக்கு ஒரு புது யூசரை உருவாக்கி, அந்தப் பெயரில் லாகின் பெட்டியில் நுழைந்து பாருங்கள். அவர் நுழைய முடிகிறது, உங்களால் முடியவில்லை என்றால் பழுது உங்கள் ஹோம் ஃபோல்டருக்குள் இருக்கிறது. லாகின் செய்யும்போதெல்லாம் ஓடுகிற புரொஃபைல் என்ற மறைவு ஃபைலில் சமீபத்தில் ஏதாவது வரி சேர்த்தீர்களா என்று யோசியுங்கள், அதில் ஒரு தவறான வரி போதும். அவராலும் முடியவில்லை என்றால் பழுது சிஸ்டத்தில். டெம்ப் ஃபோல்டரின் அனுமதிகள் மாறியிருக்கலாம், அதன் அனுமதி எண் 1777 ஆக இருக்க வேண்டும். அல்லது டிஸ்க்கில் பிழை கண்டு லினக்ஸே அதைப் படிக்க மட்டும் என்று பூட்டியிருக்கலாம். சூடோ டிஎம்இஎஸ்ஜி என்ற கட்டளையின் கடைசி வரிகளில் அது தெரியும். டிஸ்க்கே சாகிறது என்றால் ஃபைல்களை வெளியே எடுத்துவிட்டு டிஸ்க்கை மாற்றுங்கள். புதிதாக இன்ஸ்டால் செய்வதற்கு நான் சம்மதிக்கிற இடம் அது ஒன்றுதான்.

என்விடியா கார்டு இருந்து, அப்டேட்டுக்குப் பிறகு இது தொடங்கியிருந்தால், புதுக் கெர்னலுக்கு டிரைவர் பொருந்தாமல் போயிருக்க வாய்ப்பு அதிகம். பூட் ஆகும்போது, எதில் கிளம்ப வேண்டும் என்று கேட்கிற கிரப் மெனுவில் அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸ் போய்ப் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுங்கள். அதில் டெஸ்க்டாப் வந்துவிட்டால் டிரைவரை மறுபடி இன்ஸ்டால் செய்தால் போதும்.

இப்போது அந்த லேப்டாப்பில் டைம்ஷிஃப்ட் வாரத்துக்கு ஒரு நகல், மொத்தம் இரண்டு மட்டும் என்று வைத்திருக்கிறேன். கணக்குக்கு அது காவல் இல்லை, வழக்கமான அமைப்பில் டைம்ஷிஃப்ட் ஹோம் ஃபோல்டரை நகலெடுக்காது. அதனால் ஞாயிற்றுக்கிழமைதோறும் பென் டிரைவில் தனியாக ஒரு நகல்.

உங்கள் மெஷினில் டிஎஃப் என்ன காட்டுகிறது, எல்எஸ்ஸில் யார் பெயர் வருகிறது என்று கமென்ட்டில் எழுதுங்கள். இரண்டும் சரி என்றால் ஹோம் ஃபோல்டரில் இருக்கிற எக்ஸ்செஷன்-எரர்ஸ் என்ற மறைவு ஃபைலின் கடைசிப் பத்து வரிகளைப் போட்டோ எடுத்துப் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன். அதுவரைக்கும் லேப்டாப்பைக் கடைக்குக் கொண்டுபோக வேண்டாம்.